எயார் பிஸ்ரல்: கை இறுகினால் காசு உதவாது

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து 23 வயது வாசகர் எழுதுகிறார். "ஒரு வருடமாக 10 மீற்றர் எயார் பிஸ்ரல் (காற்றழுத்தக் கைத்துவக்கு) சுடுகிறேன். துவக்கு கழகத்துடையது, வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மாதத்தில் இரண்டு தரம் கொழும்புக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருகிறேன். 600க்கு 525, 530 என்று நிற்கிறது. வலக்கையால்தான் சுடுகிறேன், பிழைக்கிற சன்னங்கள் இடப்பக்கம் கீழே விழுகின்றன. பின் சைற்றை (குறிபார்க்கும் வெட்டை) திருகித் திருகிப் பார்த்தும் சரிவரவில்லை. மின் விசை உள்ள துவக்கு, சுடும் கண்ணாடி, சுடும் சப்பாத்து மூன்றில் எதை முதலில் வாங்கலாம்?"

பதில்: இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். சைற்றையும் தொடாதீர்கள். சைற் பிழை என்றால் எல்லாச் சன்னமும் கூட்டமாக ஒரே பக்கம் நகரும். நல்ல சூடுகள் நடுவில் இருக்க, பிழைத்தவை மட்டும் மணிக்கூட்டில் ஏழு, எட்டு மணிப் பக்கம் போகின்றன என்றால் பிழை கையில். சுட்டுவிரல் விசையை அழுத்தும்போது மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. முனை இடப்பக்கம் தாழ்கிறது. இதற்காகச் சைற்றைத் திருகினால் நல்ல சூடுகளும் வலப்பக்கம் மேலே ஓடிவிடும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். இலக்குத் தாளில் பத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். சன்னத்தின் விட்டம் 4.5. கோட்டைத் தொட்டாலே பத்துக் கிடைப்பதால், சன்னத்தின் நடு 8 மில்லிமீற்றர் விலகும் வரை பத்துத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு 8 மில்லிமீற்றருக்கும் ஒரு புள்ளி போகும். கை முழுதாக 8 மில்லிமீற்றர் ஆடினால் தாளிலும் அதே 8தான். ஆனால் முன் சைற்றுக்கும் பின் சைற்றுக்கும் இடையில் ஏறத்தாழ 330 மில்லிமீற்றர் தூரம். முன் சைற் பின் சைற்றின் வெட்டுக்குள் ஒரேயொரு மில்லிமீற்றர் சரிந்தால் 10 மீற்றரில் அது 30 மில்லிமீற்றர் ஆகிவிடும், பத்து ஏழாகும். ஆகவே கை ஆடுவதைக் கண்டு பதறாதீர்கள், எல்லோருக்கும் ஆடும். அந்த ஆட்டத்துக்குள் சைற் இரண்டும் நேராக நிற்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். பார்வை முன் சைற்றில் இருக்கட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். கறுப்பின் அடியில் கொஞ்சம் வெள்ளை விட்டுக் குறிபாருங்கள். கறுப்புக்குள் கறுப்பைத் தேடினால் கண் களைத்துவிடும்.

கை இறுகுகிறதா என்று அறிய ஒரு சோதனை. சுடுதளத்தில் கூட்டாளி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். துவக்கை அவரே ஆயத்தம் செய்து தரட்டும்: சில தரம் சன்னம் போட்டு, சில தரம் வெறுஞ்சூட்டு நிலையில், அதாவது சன்னம் போகாமல் விசை மட்டும் இயங்கும்படி. எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. சூட்டை எதிர்பார்த்து விசையை அழுத்துகிறீர்கள்; 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. அந்தக் கணத்தில் முன் சைற்றின் தலை இடப்பக்கம் குனிந்தால் குற்றவாளி பிடிபட்டார். நூற்றுக்கணக்கான சன்னம் சுட்டும் தெரியாதது பத்து வெறுஞ்சூட்டில் தெரிந்துவிடும்.

திருத்துவது இப்படி. விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி மட்டும் விசையில் படவேண்டும். விரலின் மற்றப் பகுதிக்கும் பிடியின் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரியவேண்டும். பெருவிரல் சும்மா கிடக்கட்டும். துவக்கு தாழ்ந்து குறியிடத்துக்கு வரும்போதே விசையின் முதற்கட்ட எடையை எடுத்துவிடுங்கள். குறியிடத்தில் நின்றபின் எட்டு வினாடிக்குள் சூடு போகவேண்டும். பத்து வினாடியைத் தாண்டினால் சுடாமல் கையை இறக்கிவிடுங்கள். போட்டியில் 60 சூட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், சூடொன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். இறக்கி மறுபடி தூக்க நேரம் தாராளமாக இருக்கிறது.

கொழும்புக்குப் போகும் நாளில் 100 சன்னம் சுட்டால்தான் பயணக்காசு தேறும் என்று நினைக்க வேண்டாம். முதலில் தாளைப் பின்பக்கம் திருப்பி, வெறும் வெள்ளையில் 20 வெறுஞ்சூடு. பிறகு ஒரு சன்னத்துக்கு இரண்டு வெறுஞ்சூடு என்ற கணக்கில் 40 சன்னம். சன்னம் விழுந்த இடத்தைப் பார்க்கமுன் "ஒன்பது, இடம்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொப்பியில் எழுதுங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துவரத் தொடங்கினால் புள்ளி தானாக ஏறும்.

வீட்டில் துவக்கு இல்லாவிட்டால் என்ன? பிஸ்ரல் ஏறக்குறைய ஒரு கிலோ. 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் அதே எடை. மேலே இரண்டு விரல் காற்று விட்டு நிரப்பி, நடுவில் பிடித்து, கையை நீட்டி, மணிக்கட்டைப் பூட்டி, கண்மட்டத்தில் வையுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு நடுங்குவது உங்கள் கண்ணுக்கே தெரியும். 20 வினாடி பிடித்து 40 வினாடி ஆறி, பத்துத் தரம். கிழமையில் ஐந்து நாள். ஒரு மாதத்தில் 30 வினாடிக்குப் போகலாம். தோளின் முன்பக்கம் குத்தினால் நிறுத்துங்கள், தாங்கிக்கொண்டு செய்தால் மாதக்கணக்கில் சுடமுடியாமல் போகும்.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் 2024 இல் கலப்பு அணியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகேச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கருவி தேவையில்லை என்பதற்குச் சிலர் அதைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்; அவர் 2008 முதல் ஒலிம்பிக்கில் சுடுகிறவர் என்பதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கண் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். தூரப்பார்வை அளவோடு +0.50 கூட்டிய வில்லை ஒன்று சாதாரணச் சட்டத்தில் போட்டால் முன் சைற் கூராகத் தெரியும். இடக்கண்ணை மூடாதீர்கள், முகம் இறுகும். 30 மில்லிமீற்றர் அகல மங்கல் தாளைக் கண்ணாடியில் ஒட்டினால் போதும், விதியும் அந்த அளவு வரைதான் விடுகிறது. சப்பாத்து கணுக்காலை மூடாமல், அடி தட்டையாக இருந்தால் சரி.

துவக்கு வாங்கும் காலம் வரும்போது அனுமதி விடயங்களைக் கழகத்தின் ஊடாகவே முடியுங்கள். பழைய துவக்கு என்றால் முதலில் அழுத்தக் காற்று அடைத்துவைக்கும் குடுவையின் திகதியைப் பாருங்கள். காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோகக்கூடாது. 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்ப இங்கே எங்கே போவீர்கள் என்பதையும் யோசியுங்கள். ஒரு தரம் நெம்பி ஒரு சூடு சுடும் வகை யாழ்ப்பாணத்துக்குத் தோது, குடுவையே வேண்டாம். மின் விசை கை இறுகுவதை மாற்றாது. விசை எடை குறைந்தது 500 கிராம் என்பது விதி. 510க்கு வைத்தால் சோதனைத் தராசில் மாட்டமாட்டீர்கள். காசை மரப்பிடியில் போடுங்கள். கண்ணை மூடித் தூக்கித் திறக்கும்போது சைற் இரண்டும் தானாக நேரே நிற்கவேண்டும். நிற்காத பிடியை அரத்தாலும் மரப்பசையாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தலாம்.

சோளகம் வீசும் மாதங்களில் உப்பும் வியர்வையும் சேர்ந்து உலோகத்தைத் தின்னும். சுட்டு முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். சொந்தத் துவக்கு வந்தபின் வீட்டில் வெறுஞ்சூடு பழகினால், 3 மீற்றர் தூரத்தில் 18 மில்லிமீற்றர் கறுப்பு வட்டம் 10 மீற்றர் இலக்குப் போலவே தெரியும். ஆனால் உள்ளறைச் சுவரைப் பார்த்து நின்று பழகுங்கள். தெருவுக்குத் தெரியும் சன்னலோரம் துவக்கை நீட்டி நிற்க இது ஏற்ற ஊரல்ல. சன்னம் ஈயம் என்பதால், சோற்றில் கை வைக்கமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.