‘நம்ம பொண்ணுதானே, சும்மா வரைஞ்சு கொடு!’

கேள்வி: எனக்கு வயது 27. சிங்கப்பூரில், ஜூரோங் ஈஸ்ட்டில் அலுவலக வேலை. சின்ன வயதிலிருந்தே படம் வரைவேன். பெரியம்மா மகள் கல்யாணம் சிராங்கூன் சாலை பெருமாள் கோவில் பி.ஜி.பி. மண்டபத்தில் நடந்தபோது, வந்தவர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்தேன். வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே அழைப்பு. அம்மாவின் தோழி ஒருவர், தம் மகளின் வரவேற்புக்கு வரும் 150 பேரையும் மூன்று மணி நேரத்தில் வரைந்துவிடச் சொல்கிறார். ‘நம்ம பொண்ணுதானே’ என்பதால் காசைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் டி அண்ட் டி (அலுவலகங்கள் ஊழியர்களுக்கு வைக்கும் ஆட்டம்பாட்ட விருந்து) ஒன்றுக்கு மூன்று மணி நேரம் வரைய 200 வெள்ளி (டாலர்) தருவதாகச் சொல்கிறது. இதற்கிடையே, அன்று ஓர் ஆன்ட்டி “என்னை இவ்ளோ கறுப்பாவா போடுவே?” என்று படத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?
– ஓவியப் பிரியை, செங்காங்

பதில்: தங்கைக்கு, முதலில் அந்த 150 பேரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முகத்துக்கு ஆறு நிமிடம். அவர் எழுந்து அடுத்தவர் உட்கார, பெயரைக் கேட்டு எழுத, படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்க இன்னொரு நிமிடம். மணிக்குப் பத்து நிமிடமாவது கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். ஆக மணிக்கு ஏழு பேர், மூன்று மணி நேரத்தில் இருபத்தொரு பேர். வண்ணம் இல்லாமல் வெறும் கோட்டில் முடித்தால் நாற்பதை எட்டலாம். அதற்கு மேல் என்றால் இன்னோர் ஓவியர் வேண்டும். எவ்வளவு வேகமாக வரைந்தாலும் இது மாறாது. அதனால் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், விலை அப்புறம். ‘இத்தனை மணி நேரம், சுமார் இத்தனை பேர்’ என்று பேசுங்கள். தலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், வரிசை நீள நீள நீங்கள் அவசரப்பட்டுப் படத்தைக் கெடுப்பீர்கள்.

வரிசை என்பதே இந்தத் தொழிலில் பாதி. நம்மவர்கள் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் என்று சொல்வது நியாயமில்லை, பட்டுப்புடவையில் கைக்குழந்தையோடு அரைமணி நேரம் யாரால் நிற்க முடியும்? எண் போட்ட சீட்டைக் கொடுத்து, ‘அக்கா, எட்டு மணி வாக்கில் வாங்க’ என்று அனுப்பிவிடுங்கள். இருபது சீட்டு தீர்ந்ததும் ‘இன்றைக்கு இவ்வளவுதான்’ என்ற அட்டையை வைக்க ஒரு தம்பியோ தங்கையோ பக்கத்தில் இருக்கட்டும். மறுப்பை நீங்களே சொன்னால் சொந்தக்காரர்களிடம் கெட்ட பெயர். முகூர்த்த நேரத்தில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், எல்லோர் கண்ணும் மணவறையில் இருக்கும். சாப்பாடு தொடங்கியதும் வரிசை கலையும், அதையே உங்கள் ஓய்வு நேரமாக வைத்துக்கொள்ளலாம். மேடைக்குப் பக்கத்தில் மேசை போடவே கூடாது. மணமக்களோடு புகைப்படம் எடுக்க நிற்கும் கூட்டம் உங்கள் மேல்தான் சாயும்.

வெளிச்சத்தை மண்டபத்தாரை நம்பி விடாதீர்கள். டிஜே வந்து விளக்கை அணைத்து நீலமும் ஊதாவுமாகச் சுழலவிட்டால் எந்தச் சாயம் எது என்றே தெரியாது. சார்ஜ் செய்து மேசையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். குளிர்சாதன மண்டபத்தில் வண்ணம் சட்டென்று காயும். புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த தரைத்தளத்தில், நடக்கும் விழாவில் புழுக்கத்தால் காயவே காயாது, தாளும் நெளியும். கனமான தாளும், தண்ணீர் பட்டாலும் கலையாத மையும் வேண்டும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஒரு மதியம் போய்விட்டு வாருங்கள், இரண்டும் கிடைக்கும்.

இனி அந்த ஆன்ட்டி. அவர் கேட்டதில் பாதி நம் சமூகத்தின் பழைய நோய், அதற்கு உங்களிடம் மருந்து இல்லை. மீதிப் பாதி சாயத்தில் இருந்திருக்கலாம். மாநிறத் தோலின் நிழலுக்குச் சாம்பலோ கறுப்போ கலந்தால் முகம் அழுக்காகத் தெரியும். காவியும் செம்பழுப்பும் கலந்த மெல்லிய பூச்சை முதலில் கொடுங்கள். நிழலுக்குக் கொஞ்சம் ஊதா சேருங்கள். நெற்றி, மூக்கு நுனி, கன்ன மேடு ஆகிய இடங்களில் தாளின் வெண்மையை அப்படியே விடுங்கள். அதே நிறம்தான், ஆனால் முகம் ஒளிரும். கடையில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் பேனாத் தொகுப்புகள் பலவும் வெளிர் ரோஜாவில் தொடங்குகின்றன. அதை நம்பிப் போனால் நம் கூட்டத்தில் பாதிப் பேரை வரைய முடியாது. ஆனால் யார் முகம் சுளித்தாலும் நிறத்தை வெளுக்க வேண்டாம். பொட்டு, மல்லிகைச் சரம், புடவைக் கரை மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் பெரும்பாலோர் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். கேலிச்சித்திரம் கேட்டால் சிரிப்பையும் முடியையும் பெரிதாக்குங்கள். பல்லையும் தொப்பையையும் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 200 வெள்ளி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மணி நேர வரைதல் உங்களுக்கு ஆறு மணி நேர வேலை: சாமான் கட்டுவது, போவது, அரைமணி முன்பே மேசை போடுவது, திரும்பி வருவது. டாக்சிக்கும் தாளுக்கும் 40 வெள்ளி என்று வைத்தால், மணிக்கு 27 வெள்ளிகூடத் தேறாது. அந்த நிறுவனம் வாடிக்கையாளரிடம் என்ன வாங்குகிறது என்று கேட்பதில் பயனில்லை, உங்கள் கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். பாதி முன்பணம், மீதி நிகழ்ச்சியன்றே, நேரம் நீண்டால் அரைமணிக்கு இவ்வளவு, இத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. இதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தால் போதும். சுயதொழில் செய்வோரோடு ஒப்பந்தம் போடுவதற்கென்றே 2018இல் இங்கே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலை ஒன்று வந்திருக்கிறது. வேலை என்ன, தொகை எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறது. காசு வராமல் போனால் 20,000 வெள்ளி வரையிலான தகராறுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வாதாட வர முடியாது, நீங்களே பேசிக்கொள்ளலாம்.

அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் தொழில்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தில் பதியத் தேவையில்லை, கவர்ச்சியாக வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். வருமான வரிப் படிவத்தில் இதையும் காட்டுங்கள். செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் கட்ட வேண்டும். உங்கள் முதலாளி பக்கவேலைக்கு அனுமதிக்கிறாரா என்று வேலை ஒப்பந்தத்தைப் புரட்டிவிடுங்கள். (இதைப் படிக்கும் வேலை அனுமதிச் சீட்டுக்காரர்கள் இந்த ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்ய அந்தச் சீட்டு இடம் தராது.)

வேலையை இப்போது விட வேண்டாம். ஆடியில் நம் கல்யாணம் இல்லை. அதை ஒட்டியே சீனர்களின் ஏழாம் மாதம், அப்போது அவர்களும் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை. ரமலானில் மலாய்க்காரர் வீடுகளிலும் இல்லை. மார்கழியில் மறுபடியும் நமக்கு இல்லை, அந்த நேரத்துக்கு ஆண்டிறுதி டி அண்ட் டி கைகொடுக்கும். இப்படி ஒரு முழு ஆண்டு சனி ஞாயிறுகளில் வரைந்து, ஆடியையும் ஏழாம் மாதத்தையும் சேமிப்பைத் தொடாமல் கடக்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் இராஜினாமாக் கடிதம் எழுத உட்காராதீர்கள்.

அம்மாவின் தோழிக்கு இன்றே எழுதிவிடுங்கள், அம்மா வழியாகச் சொல்லியனுப்ப வேண்டாம். “ஆன்ட்டி, கூப்பிட்டதில் ரொம்பச் சந்தோஷம். மூன்று மணி நேரத்தில் என்னால் இருபது பேரைத்தான் நன்றாக வரைய முடியும். கட்டணம் இவ்வளவு, பாதியை முன்பணமாகக் கொடுத்தால் தேதியை உறுதி செய்துகொள்கிறேன். இல்லையென்றால் மணமக்களை மேடையோடு ஒரே பெரிய படமாக வரைந்து என் கல்யாணப் பரிசாகத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். எது சரிப்படும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.” வெள்ளிக்கிழமை தாண்டியும் பதில் வராவிட்டால் அந்த வரவேற்புத் தேதியை வேறு யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.