பழைய ஃபியட் காருக்குப் பின்சக்கர டயர் எந்த சைஸில் போடலாம்?

அப்பா வைத்திருந்த 1971 ஃபியட் 1100 டிலைட்டை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருகிறேன், பின்பக்கம் மட்டும் அகலமான டயர் போட ஆசை, எந்த சைஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 1976 பத்மினி. உங்கள் வண்டிக்குத் தங்கை மாதிரி. அதே 1089 சிசி எஞ்சின், பின்னால் அதே பட்டை ஸ்பிரிங். அதனால் என் அனுபவம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. கம்பெனி கொடுத்த 5.20-14 நைலான் டயர் நிஜமாகவே ஒல்லி. அந்த வட்டமான பாடிக்குக் கீழே சைக்கிள் சக்கரம் போலத் தெரியும். டயர் கடைக்காரர் கணக்குப் போட்டு, "சார், 185/70 ஆர்14 போடுங்க, உயரம் அப்படியே பழைய டயர் உயரம்தான்" என்றார். உயரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். பின்னால் இரண்டும் மாட்டி வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தேன். அத்தனை அழகு. மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏலகிரி. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பை. மலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவில் "சர்ர்" என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் இடது பின் டயரின் பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு வளையம் துருவியிருந்தது. மட்கார்டுக்குள் கையை விட்டேன், விரல் முழுக்க அரைத்த கரி போலத் தூள். பெரியம்மாவையும் அண்ணன் பையனையும் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெறும் வண்டியை மெல்ல இறக்கிக்கொண்டு வந்தேன். பக்கச் சுவர் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் வளைவிலேயே வெடித்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

வீட்டு வாசலில் நுழைந்த விரல் மலையில் ஏன் போதவில்லை? ஆள் ஏறினால் பட்டை ஸ்பிரிங் தட்டையாகும், பாடி கீழே வரும். வளைவில் பாடி ஒரு பக்கம் சாயும். போதாததற்கு, பின் ஆக்சில் ஒரே கட்டையாக இருப்பதால் பட்டையும் அதன் ரப்பர் புஷ்ஷும் கொடுக்கிற அளவுக்குப் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும். பழைய 5.20 டயரின் அகலம் 5.20 அங்குலம், அதாவது சுமார் 132 மில்லிமீட்டர். 185 என்றால் 53 மில்லி கூடுதல். அதில் பாதி உள்பக்கம், பாதி வெளிப்பக்கம். அந்த வெளிப்பாதிதான் என் மட்கார்டில் உரசியது.

இந்த வண்டிகளில் பின் டயர் என்பது கியரின் ஒரு பகுதி. எஞ்சின் இழுப்பது பின்சக்கரத்தை. டயர் பெரிதானால் எஞ்சினுக்கு வேலை கூடும், மேட்டில் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவதுக்கு வர வேண்டியிருக்கும். சின்னதானால் எஞ்சின் தேவையில்லாமல் கத்தும். ஸ்பீடோ கேபிளும் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் மீட்டரும் பின் டயரை நம்பித்தான் இருக்கிறது. நாற்பது குதிரைசக்தி சொச்சத்தில் ஓடுகிற வண்டிக்கு இதெல்லாம் உடனே தெரியும். ஆகவே முதலில் உயரம், அடுத்து ரிம், கடைசியில்தான் அகலம்.

உயரத்தை எப்படிக் கணக்கிடுவது? 165/80 ஆர்14 என்று வைத்துக்கொள்வோம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், 132. மேலும் கீழுமாக இரண்டு பங்கு, 264. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லி. கூட்டினால் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர். பழைய 5.20-14 சுமார் 612 வரும். வித்தியாசம் ஒரு சதவீதம் சொச்சம், உயரத்தைப் பொறுத்தவரை தாராளமாகப் போடலாம். ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளின் பேஸ் மாடல்களில் வந்த சைஸ் என்பதால் சுலபமாகக் கிடைக்கும்.

இதே இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "165, 14 இஞ்ச்" என்று மட்டும் கேட்டால் 165/70 ஆர்14 எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், வேகன் ஆர் டயர். அதே 165, அதே 14, ஆனால் உயரம் 587 தான். நான்கு சதவீதம் குறைவு. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் போவது ஐம்பத்தேழரை. வண்டியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். வேகத்தடைகளில் சைலன்ஸர் அடி வாங்கும். நடுவில் இருக்கிற அந்த 80-ஐ வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பின் டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையிலும் ஒரு கோடு. வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்க, கோடு மறுபடி தரைக்கு வரும்வரை நேராகத் தள்ளி, அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப் பிடித்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். என் பழைய நைலான் டயரில் 1 மீட்டர் 87 சென்டிமீட்டர் வந்தது. புது டயரும் இதற்கு இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வந்தால் கவலையே இல்லை.

ரிம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ரிம் அகலம் என்பது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு அல்ல. டயர் உட்காரும் உள்பக்கத்தில், இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் அளக்க வேண்டும். 165/80-க்குக் குறைந்தது நாலு அங்குலம் தேவை. இந்த வண்டிகளின் ஆதி ரிம் அதைவிடக் குறுகலாகவே இருக்கும். என் வண்டிக்கு முந்தைய சொந்தக்காரர் சென்னைப் புதுப்பேட்டையில் நாலரை அங்குல ரிம் வாங்கி மாட்டியிருந்தார், அதனால் எனக்கு 165 சரியாக உட்கார்ந்தது. உங்களுடையது ஆதி ரிம் என்றால் 165-ஐ விட்டுவிடுங்கள். 5.20-14 நைலானையே தேடுங்கள், அந்த வண்டியின் நடையே அதில்தான் இருக்கிறது. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச் சுவர் பிதுங்கி, வளைவில் வண்டி படகு போல ஆடும். பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போடவும் கூடாது. ரிவெட் அடித்த இடத்தில் காத்து இறங்கும், டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடும் அந்தக் கால ரிம்மில் கிடையாது. ரேடியல் டயருக்கு (சைஸில் 'ஆர்' என்று வரும் இந்தக் கால டயர்) ரேடியல் டியூபே கேட்டு வாங்குங்கள்.

பின்னால் மட்டும் மாற்றுவதைப் பற்றி. பின்னால் ரேடியல், முன்னால் நைலான் என்பது வேறு வழியில்லாதபோது ஓடும். தலைகீழாக, முன்னால் ரேடியல் பின்னால் நைலான் மட்டும் ஒருநாளும் வேண்டாம். வளைவில் முன்பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். ஒரே ஆக்சிலில் ஒன்று ரேடியல், ஒன்று நைலான் என்பதும் அதே அளவுக்கு ஆபத்து. நான் ஐந்தும் ஒரே சைஸாகப் போட்டுவிட்டேன், ஸ்டெப்னி உட்பட. முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் என்றால் இருக்கிற ஒரே ஸ்டெப்னி பாதி நேரம் உதவாது.

அமெரிக்காவில் பழைய செவ்ரோலே சி10 பிக்கப்புகளில் பின்னால் 275/60 ஆர்15 போட்டு, முன்னால் அதைவிட ஒல்லியாகப் போடுவார்கள். பார்க்க மிக அழகு. ஆனால் அதன் வி8 எஞ்சின் 28 அங்குல உயர டயரைச் சிரமமில்லாமல் சுழற்றும், மட்கார்டுக்குள் இடமும் ஏராளம். நம் வண்டி 900 கிலோகூட இல்லை. அகல டயர் போட்டால் மழைத் தண்ணீரில் ரோட்டைப் பிடிக்காமல் மிதக்கும். நண்பர் யாராவது பழைய நாலு சக்கர இழுவை ஜீப் வைத்திருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்: அதில் முன்னும் பின்னும் உயரம் துளிகூட மாறக் கூடாது. நாலு சக்கர இழுவையைப் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டினால் கியர் பெட்டியும் ஆக்சிலும் முறுக்கிக்கொண்டு உடையும்.

இன்னொன்று, மட்கார்டு விளிம்பை வெட்டவோ மடக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். உங்கள் வண்டி ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கலாம், ஆனால் பாடி, சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்பாவின் வண்டியை ஒரு டயருக்காக வெட்ட வேண்டாமே.

எந்த டயர் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு டயரை மாட்டி இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவில் நாலைந்து உருண்டையாக்கி, மட்கார்டின் உள்விளிம்பிலும் உள்பக்கம் பட்டைக்கு நேரேயும் ஒட்டுங்கள். பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கி, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். மாவு எங்கே நசுங்கியிருக்கிறது, மிச்சம் எவ்வளவு கனம் என்று பாருங்கள். ஒரு விரல் கனத்துக்குக் குறைந்தால் அந்த டயர் வேண்டாம். என் 185-ஐ வாங்கும் முன் இதைச் செய்திருந்தால் ஏலகிரியில் நாலாவது வளைவோடு திரும்பியிருக்க மாட்டேன்.

பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2323 என்றால் 2023-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. நம் வண்டிகள் மாதத்துக்கு நாலு நாள் ஓடினால் அதிகம், டயர் தேயும் முன்பே வெயிலில் இறுகி வெடிப்பு விடும். அதனால் கடையில் வருடக்கணக்கில் தூங்கியதை மலிவென்று வாங்காதீர்கள். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

ரிம் அகலத்தையும், சாக்பீஸ் போட்டு அளந்த நீளத்தையும் எழுதுங்கள். சைஸை நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.