யூதப் பள்ளி மூடப்பட்டால் குடும்பங்களைத் தொடர்பில் வைத்திருப்பது எப்படி?

கேள்வி: வடமேற்கு லண்டனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இந்து. கொரோனா மாதிரி மறுபடி ஏதாவது வந்து பள்ளி மூடப்பட்டால் பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டிமார் எல்லோரையும் எப்படித் தொடர்பில் வைத்திருப்பது என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். 2020இல் நான் இங்கே வேலையில் இல்லை. வாராவாரம் ஸூம் சந்திப்பு, வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்று எழுதத் தொடங்கினேன். சனிக்கிழமை கூடாது என்பது தெரியும். அதற்கு மேல் என்ன கவனிக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை என்னைப் போன்ற ஒருவர் நடத்தலாமா?

பதில்: ஸூமை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் ஒரு யூத நாட்காட்டியை வாங்கி மேசையில் விரியுங்கள். உங்கள் திட்டத்தின் பெரும்பகுதியை அதுதான் எழுதப்போகிறது.

2020இல் நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தில் பள்ளிகள் மார்ச் 20, வெள்ளிக்கிழமை மூடின. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 8 புதன் மாலை, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூதப் பண்டிகையான பஸ்கா பிறந்துவிட்டது. இஸ்ரேலுக்கு வெளியே பஸ்காவின் முதல் இரண்டு நாளும் முழுப் பண்டிகை நாட்கள். வைதீக யூத வீடுகளில் அன்று போனும் கணினியும் தொடமாட்டார்கள். வியாழன், வெள்ளி முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் ஷப்பாத், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வு நாள். புதன் சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை, மூன்று நாள், எந்தத் திரையும் கிடையாது. அதுவும் எப்போது? மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இரவில். எத்தனையோ வீடுகளில் எழுபது எண்பது வயதுக்காரர்கள் தனியாக இருந்தார்கள். இஸ்ரேலில் செபார்தி மரபைச் (ஸ்பெயின், வட ஆப்பிரிக்க வழி வந்தவர்கள்) சேர்ந்த ராபிகள், அதாவது யூத மதகுருக்கள், சிலர், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் முதியவர்கள் ஸூம் வழியாக விருந்தில் சேரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். தலைமை ராபி மன்றம் அதை ஏற்கவில்லை. பிரிட்டனின் வைதீகச் சபைகளிலும் அந்த வழி திறக்கவில்லை.

ஆனால் புதன் பகலில் தடை எதுவும் இல்லையே. அந்த விருந்தில் வீட்டின் கடைசிப் பிள்ளை கேட்க வேண்டிய நான்கு கேள்விகளைப் பல வீடுகளில் அன்று பொழுது சாயும் முன்பே பேரப்பிள்ளைகள் திரையில் தாத்தா பாட்டிக்குப் பாடிக் காட்டினார்கள். திரை அணைவதற்குமுன் வீட்டுக்குள் என்ன போய்ச் சேர்ந்ததோ அதுதான் அந்த மூன்று நாளும் துணை. உங்கள் திட்டத்தை இதை வைத்துக் கட்டுங்கள். எல்லோரையும் ஒரு நேரத்தில் திரைமுன் கூட்டுவது இரண்டாம் பட்சம். உரிய நாளுக்கு முன்பு உரிய பொருளையும் உரிய குரலையும் வீட்டில் சேர்ப்பதுதான் முதல் வேலை. யூத வழிபாட்டில் பாதி சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது என்பதால், பள்ளி இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

வாரத்தின் அச்சு வெள்ளிக்கிழமை. வகுப்பில் அன்று ஒரு பையன் ‘அபா’, ஒரு பெண் ‘இமா’ என்று அப்பா அம்மாவாக அமர்ந்து மெழுகுவத்தி, திராட்சைச் சாறு, ஹாலா ரொட்டி வைத்து ஷப்பாத்தை வரவேற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முடக்கத்தில் இதைக் கைவிட்டுவிடாதீர்கள். கால் மணி நேரம் போதும், காலையிலேயே வையுங்கள். லண்டனில் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் மாலை நான்கு மணிக்கு முன்பே ஷப்பாத் பிறந்துவிடும். மதியத்துக்கு மேல் எந்த வீட்டிலும் யாருக்கும் நேரம் இருக்காது. இந்த வார அபா, இமா யார் என்பதைத் திங்கள்கிழமையே சொல்லிவிடுங்கள். அந்த இரு வீட்டுக்கும் வியாழனன்று ஒரு பை போகட்டும்: மாவு, ஈஸ்ட், செய்முறைத் தாள், ஒரு சிறு புட்டி திராட்சைச் சாறு. எல்லாம் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) முத்திரை உள்ளவையாக இருக்க வேண்டும். தாத்தா பாட்டிக்கும் அந்த இணைப்பைக் கொடுங்கள். சாதாரண நாளில் பள்ளிக்கு வந்து பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு முடக்கம் தரும் ஒரே லாபம் இது.

சனி இரவு ஷப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தாலாவைத் திரையில் செய்யலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். நல்ல யோசனைதான். முறுக்கிய மெழுகுவத்தியும் நறுமணப் பொருளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜனவரியில் மாலை ஐந்து மணியை ஒட்டியே ஷப்பாத் முடிந்துவிடுவதால் நேரமும் பொருந்தும். ஜூனில் முடிவதற்கு இரவு பத்து தாண்டிவிடும். ஆறு வயதுப் பிள்ளை தூங்கிப் போயிருக்கும். எனவே குளிர்காலத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, நாட்காட்டியில் இரண்டு நிறப் பேனாவால் குறியுங்கள். பஸ்காவின் முதல் இரண்டு நாள், கடைசி இரண்டு நாள், செப்டம்பர் வாக்கில் வரும் புத்தாண்டின் இரண்டு நாள், நோன்பு நாளான யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையின் தொடக்கமும் முடிவும், வாரங்களின் பண்டிகையான ஷவுவோத் எல்லாம் ஒரு நிறம். அன்று திரை இல்லை. எஸ்தர் கதையைக் கொண்டாடும் பூரிமும், விளக்குப் பண்டிகையான ஹனுக்காவும் இன்னொரு நிறம். இவை கொண்டாட்டம்தான், ஆனால் இடையில் வரும் ஷப்பாத் தவிர மின்சாரத்துக்குத் தடை கிடையாது. இணைய நிகழ்ச்சிக்கான உங்கள் சக்தியை எல்லாம் இந்த இரண்டிலும் கொட்டுங்கள். ஹனுக்காவில் எட்டு மாலை. ஒவ்வொரு மாலையும் (வெள்ளியன்று ஷப்பாத் பிறக்கும் முன்பே, சனியன்று அது முடிந்த பிறகு) ஒரு வகுப்பு விளக்கேற்றினால் மொத்தப் பள்ளியும் முடிந்துவிடும்.

பூரிம் இன்னும் தோதானது. அன்று ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும், ஏழைகள் இருவருக்காவது கொடுக்க வேண்டும் என்பது கடமை. வாசலில் வைத்துவிட்டு மணியடித்து விலகி நிற்பதற்கென்றே அமைந்த பண்டிகை! 2021இல் பூரிம் பிப்ரவரி 26 அன்று வந்தது. இங்கிலாந்தில் பள்ளிகள் மறுபடி திறந்தது மார்ச் 8இல்தான். பண்டம் பூரிம் நாளிலேயே போய்ச் சேர வேண்டும், முந்தின நாள் கொடுத்தால் கணக்கில் வராது. அந்த வருடம் பூரிம் வெள்ளிக்கிழமை என்பதால் மாலை ஐந்தே காலுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டியிருந்தது. இப்படி ஒரு நாளுக்கு எந்தத் தெரு யாருக்கு என்ற பட்டியல் ஒரு வாரம் முன்பே தயாராக இருக்கட்டும். தெருவுக்கு ஒரு பெற்றோர் என்று பிரித்தால் பாரம் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘யூதப் பள்ளி’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். லண்டன் ஸ்டாம்ஃபோர்டு ஹில்லின் ஹரேதி (மிகக் கடுமையாக விதி காக்கும் வைதீகப் பிரிவு) பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் பலவற்றில் இணையமே கிடையாது. அங்கே பாடமே தொலைபேசி வழியாகவும் அச்சுத்தாளிலும்தான் நடந்தது. வட லண்டன் பார்னெட்டில் எல்லா யூதப் பிரிவினருக்கும் பொதுவாக நடக்கும் மேல்நிலைப் பள்ளியில் வெள்ளி இரவு கார் ஓட்டும் குடும்பமும் இருக்கும், ஓட்டாத குடும்பமும் இருக்கும். பர்மிங்காமின் கிங் டேவிட் ஆரம்பப் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் பள்ளியில் எந்தெந்த வீடு எப்படி என்று ஊகிக்காதீர்கள். ‘எந்த வழியில், எந்த நேரத்தில் தொடர்புகொண்டால் வசதி?’ என்ற ஒரே கேள்வியுடன் ஒரு படிவம் அனுப்புங்கள். மார்க்கம் பற்றி எதுவும் கேட்காமலே வேண்டிய பதில் வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பேசுகிறவர்கள்தான் அதிலும் பேசுவார்கள். வேலை போனவர், வீட்டில் சண்டை நடப்பவர், அம்மா மருத்துவமனையில் இருப்பவர் எல்லாம் அதில் அமைதியாகிவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரம் ஒருமுறை ஒரே ஆள் பேசும்படி பிரித்துக் கொடுங்கள். ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: அரசு நிதி பெறும் யூதப் பள்ளிகள் மார்க்கக் கல்விக்கும் பாதுகாப்புக்கும் பெற்றோரிடம் விருப்ப நன்கொடை கேட்பது வழக்கம் அல்லவா, அந்தக் கணக்கைப் பார்ப்பவர் இந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது. அவர் குரலைக் கேட்டதும் பணக் கஷ்டத்தில் இருப்பவர் போனையே எடுக்கமாட்டார்.

துக்கத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் அலையில் பிரிட்டிஷ் யூதர்களின் இறப்பு விகிதம் பொது மக்களைவிட அதிகமாக இருந்தது. இறப்புக்குப்பின் ஏழு நாள் ‘ஷிவா’வில் வீடு நிறைய ஆட்கள் வருவதுதான் அவர்களுக்கு ஆறுதல், அது நடக்கவில்லை. இறந்தவருக்காகச் சொல்லும் பிரார்த்தனையான கதீஷைச் சொல்லப் பத்துப் பேர் நேரில் வேண்டும். அமெரிக்காவின் கன்சர்வேடிவ் என்ற யூத மதப் பிரிவு அவசரத்துக்குத் திரைவழி அனுமதித்தது, வைதீகப் பிரிவினர் பெரும்பாலும் ஏற்கவில்லை. பண்டிகை குறுக்கிட்டால் ஷிவா அதோடு முடிந்துவிடும் என்பதால், பஸ்காவுக்குச் சற்றுமுன் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த ஏழு நாளும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஷிவா முடிந்த பிறகும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளி பேச வேண்டும். நீங்களும் பேசலாம். லண்டன் யூதர்கள் துக்க வீட்டாரிடம் ‘நீண்ட ஆயுளோடு இருங்கள்’ என்று சொல்வார்கள். நமக்குக் கேட்க விநோதமாக இருந்தாலும் அதுவே மரியாதை. பூ அனுப்ப வேண்டாம். நம் பழக்கத்தில் வீட்டில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றும், அதுவும் வேண்டாம். முத்திரையுள்ள கோஷர் கடைப் பொருள் அல்லது வெட்டாத முழுப் பழம் போதும்.

பாதுகாப்பைப் பற்றி உங்கள் பள்ளி வாசலில் நிற்கும் காவலரைவிட நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 2020இல் யூதர்களின் இணையச் சந்திப்புகளுக்குள் அந்நியர் நுழைந்து வெறுப்புக் கூச்சல் போட்ட சம்பவங்கள் நடந்தன. இணைப்பைப் பொதுவெளியில் போடாதீர்கள், காத்திருப்பு அறையில் பெயர் பார்த்து உள்ளே விடுங்கள், பிள்ளைகளின் வாசல் படங்களில் வீட்டு எண் தெரியக்கூடாது. வீடு வீடாகப் பை கொடுக்கும் நாளை முன்கூட்டி விளம்பரப்படுத்த வேண்டாம். திட்டம் முடிந்ததும் யூதச் சமூகத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் அறக்கட்டளையான சிஎஸ்டியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை ஓர் அவசரம் வந்தால்? ஒரு வகுப்பில் நோய் உறுதியாகி, எல்லோருக்கும் உடனே சொல்ல வேண்டிய நிலை என்று வையுங்கள். உயிரைக் காப்பது ஷப்பாத்தைவிட மேலானது என்பது யூத நெறியில் தெளிவான விதி. ஆனால் எது உயிர் ஆபத்து என்பதை அன்றைக்கு உட்கார்ந்து விவாதிக்க முடியாது. பள்ளியின் ராபியிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ‘யூதரல்லாத நீங்கள்தானே, நீங்களே செய்தி அனுப்பிவிடுங்களேன்’ என்று யாராவது சொல்லலாம். அதுவும் அவ்வளவு எளிதல்ல. தங்கள் வேலையை ஷப்பாத்தில் பிறரைக் கொண்டு செய்விப்பதற்கும் அவர்களிடம் விதிகள் உண்டு. ராபி சொன்னால் மட்டும் அந்தப் பொறுப்பை எடுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வெள்ளிக்கிழமை ஆசீர்வாதங்களை நீங்கள் சொல்ல வேண்டாம், மெழுகுவத்தியும் ஏற்ற வேண்டாம். அது மார்க்கக் கல்வி ஆசிரியருக்கும் அந்த வார அபா, இமாவுக்கும் உரியது. மற்றதெல்லாம் உங்களுடையது: பிள்ளைகளைப் பெயர் சொல்லி வரவேற்பது, ஒலியை அடைத்துத் திறப்பது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் பிற்பகலுக்குள் போன் போடுவது. முடிவில் ‘ஷப்பாத் ஷாலோம்’ என்ற ஓய்வு நாள் வாழ்த்தை நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். அலுவலக ஜன்னலில் தினமும் பார்த்த முகம் திரையில் வந்தால் சின்னப் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். ‘யூதரல்லாத ஊழியர் என்ன செய்யலாம்’ என்று அரைப்பக்கம் எழுதித் தரும்படி மார்க்கக் கல்விப் பொறுப்பாளரிடம் கேட்டு, அதையும் திட்டத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவருக்கும் அது தேவைப்படும்.