கன்று போடும் முன் கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு போன ஈற்றில் கன்று போட்ட மறுநாளே எழ முடியாமல் படுத்துவிட்டது. டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றிய பிறகுதான் எழுந்தது. இப்போது நான்காவது ஈற்று, எட்டு மாதச் சினை. முன்கூட்டியே கால்சியம் டானிக் கொடுத்து வரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கன்று போட்ட அன்றைக்குக் கொடுங்கள்.

உங்கள் மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல், அதாவது கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. பெயர்தான் காய்ச்சல், தொட்டுப் பார்த்தால் காது சில்லென்று இருக்கும். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. மாட்டின் ரத்தத்தில் எந்த நேரமும் இருப்பதோ 3 கிராம் அளவுதான். மீதியை எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் உடனே எடுத்தாக வேண்டும். சினைக் கடைசியில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுக்க வைக்கும் பாராதைராய்டு சுரப்பிக்கு வேலையே இல்லாமல் போகிறது. கன்று போட்டதும் திடீரென்று தேவை கூடும்போது அது மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும். வயதான மாட்டில் இன்னும் மெதுவாக. ஜெர்சி ரத்தம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே கடைசி மூன்று வாரம் டானிக்கை நிறுத்துங்கள். குதிரை மசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தைக் குறைத்து, சோளத்தட்டை, வைக்கோல் கொடுங்கள். தாது உப்பின் அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெக்னீசியம் குறைந்தாலும் இந்தச் சிக்கல் வரும் என்பதால் தாது உப்பை அடியோடு நிறுத்தக் கூடாது.

கன்று போட்டதும், மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால், வாய்வழி கால்சியம் ஜெல் ஒருமுறை. 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள்; ஆனால் கன்றுக்குச் சீம்பால் குறையக் கூடாது. நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது, மடிநோய் இவற்றுக்குப் பின்னாலும் பல நேரம் வெளியே தெரியாத கால்சியம் குறைவு இருக்கும்.

பின்னங்கால் தள்ளாடினாலே டாக்டரைக் கூப்பிடுங்கள். தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியம் பாட்டிலை வாங்கி வைத்துத் தாங்களே நரம்பில் ஏற்றுகிறவர்களும் உண்டு. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும், அந்த வேலை வேண்டாம். டாக்டர் வரும்வரை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டையால் அணை கொடுங்கள். ஊசிக்குப் பிறகு எழுந்தாலும் இரண்டு நாள் கண் வைத்திருங்கள். சில மாடுகள் மறுபடியும் படுத்துவிடும்.