வன்னி வீதிகளுக்கு நாற்சில்லு இயக்கச் சிறு குரொஸ்ஓவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் வன்னி வாசகர்கள் அதிகம் விசாரிப்பது ஜப்பானிலிருந்து வரும் சிறிய, சற்று உயரமான குரொஸ்ஓவர் வகைக் கார்களைப் பற்றியே. அவற்றின் நாற்சில்லு இயக்கப் பதிப்புக்கு, ஊர் வழக்கில் ‘போர் வீல்’ என்பதற்கு, மேலதிகப் பணம் கொடுப்பது தகுமா என்ற கேள்வியே பெரும்பாலான கடிதங்களில் இருப்பதால், ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை இங்கே சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: நான் நெடுங்கேணிக்கு அப்பால் உள்ள பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். புளியங்குளத்திலிருந்து வரும் வீதி நல்லது. கடைசிப் பகுதி மட்டும் கிரவல். டொயோட்டா ரைஸ் வாங்க எண்ணியுள்ளேன். இரு சில்லு இயக்கம் போதுமா, நாற்சில்லு இயக்கம் எடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் வீதி காரின் எந்தப் பகுதியைச் சோதிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிரவல் வீதி மாரியில் மேலே குழைந்தாலும் அடியில் பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும். அங்கே காருக்கு வரும் தொல்லை சில்லு சுழன்று நிற்பதல்ல. உழவு இயந்திரங்களும் மணல் ஏற்றும் டிப்பர்களும் உழுதுவிட்ட தடங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் மண்மேட்டில் காரின் அடிவயிறு உரசுவதுதான். அதற்கு மருந்து தரையிலிருந்து அடிப்பாகம் வரையான உயரமே தவிர, பின்சில்லுகளுக்குப் போகும் வலு அல்ல.

ரைஸ் காரின் தரை உயரம் இரு பதிப்புகளிலும் 185 மில்லிமீற்றர். இந்த வகுப்பில் அது நல்ல அளவு. டொயோட்டாவின் யாரிஸ் குரொஸ் 170 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் சி-எச்ஆர் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்டது) வெறும் 140 மில்லிமீற்றர். 2013 இறுதியில் வெளிவந்த முதலாம் தலைமுறை ஹொண்டா வெசலில் இரு சில்லு இயக்கப் பதிப்பு 185 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்க, நாற்சில்லு இயக்கப் பதிப்பு 170 மில்லிமீற்றருக்கு இறங்கிவிடுகிறது. ‘போர் வீல்’ என்று கூடுதல் பணம் கொடுத்தவர், வன்னி வீதிக்கு மிகவும் வேண்டிய உயரத்தை இழந்துவிடுகிறார். இந்த அளவுகள் எல்லாம் வெறுமையான காருக்கு உரியவை என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்து பேரும் பின்னால் ஓர் அரிசி மூட்டையும் ஏறினால் பின்பக்கம் மேலும் தாழும்.

இந்தச் சிறு கார்களில் பலவற்றின் நாற்சில்லு இயக்கம் வேலை செய்யும் முறை எளிமையானது. சாதாரண வீதியில் முன்சில்லுகளே பெரும்பாலும் காரை இழுக்கின்றன. முன்சில்லு வழுக்கத் தொடங்குவதை, அல்லது வழுக்கக்கூடும் என்பதை, மின்னணுக் கட்டுப்பாடு உணரும்போது பின்னால் உள்ள தட்டுக் கிளச் இறுகி, வலுவின் ஒரு பகுதி பின்சில்லுகளுக்குப் போகிறது. ஈரமான ஏற்றத்தில் புறப்படுவதற்கும், செம்மண் சேற்றில் ஒரு சில்லு இறங்கிய இடத்திலிருந்து வெளியே வருவதற்கும் இது உண்மையாகவே உதவும். இதற்காக 1.0 லீற்றர் டேர்போ எஞ்சின் ரைஸ் ஏறத்தாழ 70 கிலோகிராம் கூடுதலாகச் சுமக்கிறது. ஜப்பானியச் சோதனை அளவீட்டில் லீற்றருக்கு 18.6 கிலோமீற்றர் ஓடுவது 17.4 ஆகக் குறைகிறது. நம் வீதியில் இரண்டு எண்களும் இதைவிடக் குறைவாகவே வரும்.

உங்கள் நிலைக்கு என் தெளிவான பரிந்துரை, நல்ல ரயர் நான்குடன் இரு சில்லு இயக்க ரைஸ். கடைசிப் பகுதி கிரவல் போடாத செம்மண்ணாகவோ குளக்கட்டு வழியாகவோ இருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா, ஓல் வீல் டிரைவ் இல்லாத வாகனம் வாங்கவே கூடாது என்கிறார். பணத்தின் ஒரு பகுதி அவருடையது. யாரிஸ் குரொஸ் ஹைபிரிட்டின் நாற்சில்லு இயக்கப் பதிப்பைப் பார்க்கிறோம். (புதுக்குடியிருப்பு)

பதில்: அண்ணா சொல்வது அவர் ஓடும் வீதிக்குச் சரி. மாதக்கணக்கில் பனியும் பனிக்கட்டியும் கிடக்கும் வீதியில் புறப்படுவதற்கே நான்கு சில்லும் உதவ வேண்டும். அங்கும் குளிர்கால ரயர் மாட்டாவிட்டால் அந்த உதவி பாதியாகிவிடும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியில் அத்தகைய தேவை இல்லை.

யாரிஸ் குரொஸ் ஹைபிரிட்டில் முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் சுழல்தண்டே கிடையாது. பின்சில்லுகளை ஒரு தனி மின்மோட்டார் சுழற்றுகிறது. அதன் வலு 3.9 கிலோவாற், அதாவது ஏறத்தாழ 5.3 குதிரைவலு. முழு ஹைபிரிட் அமைப்பின் வலு 116 குதிரைவலு என்பதோடு ஒப்பிட்டால், பின்மோட்டார் வழுக்கும் தரையில் புறப்படும்போது ஒரு தள்ளு கொடுப்பதற்காக வைக்கப்பட்டது என்பது விளங்கும். சேற்றில் புதைந்த காரை அது தனியாக மீட்காது. எரிபொருள் சிக்கனம்தான் நோக்கம் என்றால் இரு சில்லு இயக்க ஹைபிரிட்டே பொருத்தம். மிச்சமாகும் பணத்தை ஹைபிரிட் பற்றறியின் நிலையைச் சோதிப்பதற்கும் நல்ல ரயருக்கும் ஒதுக்குங்கள் என்று அண்ணாவிடம் சொல்லலாம்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒருவர் வெசல் ஹைபிரிட் விற்கிறார். ‘ஒரிஜினல் போர் வீல்’ என்கிறார். எப்படி உறுதிசெய்வது? வேறு எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை நம்ப வேண்டாம். அவற்றை யாரும் வாங்கி ஒட்டலாம். வாகனப் பதிவுப் புத்தகத்திலும் காரிலும் உள்ள மாதிரிக் குறியீட்டையும் சேசி இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். முதலாம் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் ஆர்யூ3 என்றால் இரு சில்லு, ஆர்யூ4 என்றால் நாற்சில்லு. 2021இல் வந்த புதிய வெசல் ஹைபிரிட்டில் ஆர்வி5 இரு சில்லு, ஆர்வி6 நாற்சில்லு. 1.0 லீற்றர் டேர்போ எஞ்சின் ரைஸில் ஏ200ஏ இரு சில்லு, ஏ210ஏ நாற்சில்லு. பிறகு காரைத் தூக்கி அடியில் பாருங்கள். இந்த வெசலில் நாற்சில்லு இயக்கம் இருந்தால், நடுவில் நீளமான சுழல்தண்டும், பின்சில்லுகளுக்கிடையில் வலுவை இரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சல் பெட்டியும், அதிலிருந்து இரு பக்கமும் போகும் தண்டுகளும் கண்ணுக்குத் தெரியும்.

அடியில் பார்க்கும் அந்த நேரத்திலேயே இன்னொன்றையும் பாருங்கள். நாற்சில்லு இயக்க ஜப்பானியக் கார் வாங்குவோர் இங்கே மிகவும் குறைவாகக் கவனிப்பது இதைத்தான். ஜப்பானில் நாற்சில்லு இயக்கத்தை விரும்பி வாங்குவோரில் பலர் ஹொக்கைடோ, தோஹோகு போன்ற பனிப்பிரதேசங்களில் வாழ்பவர்கள். அங்கே பனியை உருக்க வீதியில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புக் கரைசல் காரின் அடியில் ஆண்டுக்கணக்காகத் தெறித்து, பின் சஸ்பென்சன் பிணைக்கப்படும் இடங்களையும், பிரேக் குழாய்களையும், புகைக்குழாயையும் அரிக்கும். மேலே கண்ணாடிபோல் மின்னும் கார் அடியில் செதில்செதிலாக உரியலாம். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை அடிக்கப்பட்டிருந்தால் சந்தேகியுங்கள். ஸ்குறூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிப்பதோடு மையும் பொருக்காக உதிரும். மேலதிகச் சில்லு வைக்கும் குழியையும் கம்பளத்தை நீக்கிப் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஏலத்தாளின், அதாவது ஏலத்தின்போது காரின் நிலையைக் குறித்துத் தரும் தாளின், மூலப்பிரதி கிடைத்தால், கார் படத்தில் துருவைக் குறிக்கும் ‘எஸ்’, அரிப்பைக் குறிக்கும் ‘சி’ என்ற எழுத்துகளைத் தேடுங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் ஏற்கனவே உப்புக்காற்று இருப்பதால், தொடங்கிவிட்ட துரு இங்கே வந்தபின் நிற்காது.

முதலாம் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கொண்ட ஏழு வேகக் கியர்பெட்டி உள்ளது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக ஜப்பானில் 2014இல் கார்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திரும்ப அழைக்கப்பட்டன. ஆகவே ஏ9 வீதியில் வேகமாக ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். சந்தை நெரிசலில் ஊர்ந்து, நின்று, மீண்டும் ஊர்ந்து, ஒரு சிறு ஏற்றத்தில் பின்னோக்கியும் எடுத்துப் பாருங்கள். உதறலோ தாமதமோ எச்சரிக்கை விளக்கோ வந்தால், விலையைக் குறைத்துக் கேட்பதைவிட அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. பின் டிபரன்சலின் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பதையும் கேளுங்கள். அதற்கு ஹொண்டா குறிப்பிடும் தனி ஒயில் உண்டு. சாதாரண கியர் ஒயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் கெடும்.

கேள்வி: முருங்கனில் நெல் வயல் செய்கிறோம். மழைக்காலத்தில் வயல் வரை போய், உர மூட்டையும் ஏற்றிவர இப்படியொரு கார் உதவுமா?

பதில்: உதவாது. முருங்கன் பக்கத்துக் கருங்களிமண் நனைந்தால் ரயரின் பள்ளங்களை நிரப்பிச் சில்லை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அந்நிலையில் நான்கு சில்லும் சேர்ந்தே வழுக்கும். மெதுவாக, கூடுதல் இழுவலுவோடு செல்ல உதவும் குறைவேகக் கியரும் இந்தக் கார்களில் இல்லை. உரத்துக்கு உழவு இயந்திரமும் பெட்டியும் இருக்கட்டும். காரை வீதியோரத்தில் நிறுத்துங்கள். வயலுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், 200 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தரை உயரமும் குறைவேகக் கியரும் கொண்ட சுசுகி ஜிம்னி போன்றதொன்றையோ பிக்கப்பையோதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நாயாற்றுக் கடற்கரை மணலில் ஓடுமா?

பதில்: இறுகிய ஈர மணலில் சிறிது தூரம் ஓடும். காய்ந்த ஆழமணலில் தொடர்ந்து அழுத்தினால், பின்கிளச் சூடேறி, அமைப்பு தன்னைக் காக்க நாற்சில்லு இயக்கத்தை நிறுத்திவிடும். அப்போது நீங்கள் நடு மணலில் இரு சில்லுக் காருடன் நிற்பீர்கள்.

கேள்வி: இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கும் காலத்தில் எங்கள் வீதிச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும். நாற்சில்லு இயக்கம் இருந்தால் கடந்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் காரை வீதியோடு பிடித்து வைப்பது அதன் பாரம். சில்லுகளில் எத்தனை சுழல்கின்றன என்பதல்ல. ரைஸ் போன்ற கார் ஏறத்தாழ ஒரு தொன் நிறையே உடையது. ஓர் அடி ஆழத்தில் வேகமாகப் பாயும் நீர் அத்தகைய காரை மிதக்கச் செய்து பக்கவாட்டில் தள்ளப் போதுமானது. மழைநீர் கலங்கலாக இருப்பதால் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருப்பதும் தெரியாது.

தேங்கி நிற்கும் நீரிலும் இன்னொரு ஆபத்து உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் முன்பக்கத்தில் இருக்கிறது. வேகமாக இறங்கினால் எழும் அலை அதற்குள் நுழைந்துவிடும். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் இணைப்புத்தண்டு வளைந்து எஞ்சினே வீணாகும். நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. நீர் சில்லின் நடுப்பகுதியைத் தொடும் ஆழமானால் திரும்பிச் செல்லுங்கள். பாயும் நீரானால் ஆழத்தை அளக்கவே இறங்க வேண்டாம்.

கேள்வி: வவுனியாவுக்கு இரவில் அடிக்கடி ஓடுபவன் நான். மழையில் நாற்சில்லு இயக்கம் பாதுகாப்பானதா?

பதில்: புறப்படும்போது மட்டும். பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சில்லுக்கும்தான் இருக்கிறது. கனகராயன்குளம் பக்கத்தில் வீதியில் படுத்திருக்கும் மாடு உங்கள் வெளிச்சத்துக்குள் வரும் கணத்தில் நாற்சில்லு இயக்கம் நிறுத்தும் தூரத்தை ஓரடிகூடக் குறைக்காது. குறைப்பவை ரயரும் வேகமும். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரயர் இறுகிப்போயிருக்கும். ஜப்பானிலிருந்து மாட்டியபடியே வரும் பனிக்கால ரயரையும் கழற்றிவிடுங்கள். குளிருக்காகச் செய்யப்பட்ட அந்த மென்மையான ரப்பர் நம் வெயிலில் விரைவாகத் தேய்வதோடு நனைந்த தார்வீதியில் பிடியும் குறைவு.

கேள்வி: மல்லாவியில் இருக்கிறேன், ஏற்கனவே நாற்சில்லு இயக்க வெசல் வைத்திருக்கிறேன். முன் ரயர் இரண்டு மட்டும் தேய்ந்துவிட்டன. இரண்டை மாற்றினால் போதுமா? பழுதாகி நின்றால் எப்படி இழுத்துச் செல்வது?

பதில்: முன்னும் பின்னும் ரயரின் சுற்றளவு வேறுபட்டால், நேர்வீதியிலும் இரு அச்சுகளும் வேறு வேகத்தில் சுழலும். கட்டுப்பாட்டு அமைப்பு அதை வழுக்கலென்று எடுத்துக்கொண்டு கிளச்சை இறுக்கிக்கொண்டே இருக்கும். சூடேறி, தட்டுகள் தேயும். பின் ரயரில் இன்னும் நல்ல ஆழம் இருந்தால், அதே நிறுவனத்தின் அதே அளவு, அதே வகை ரயரை வாங்கி, புதியவற்றைப் பின்னும் பழையவற்றை முன்னும் மாட்டலாம். பின்னவையும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே மலிவு. இனி 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாகத் தேயும்.

இழுத்துச் செல்லும்போது முன்சில்லுகளை மட்டும் தூக்கிப் பின்சில்லுகளை வீதியில் உருளவிடக் கூடாது. பின் டிபரன்சலும் கிளச்சும் கெட்டுவிடும். நான்கு சில்லும் தரையைத் தொடாதபடி ஏற்றும் கார் கரியரையே அழையுங்கள்; அழைக்கும்போதே ‘போர் வீல்’ என்று சொல்லிவிடுங்கள், வரும் வாகனம் சரியானதாக இருக்கும்.