கேமரா கேள்வி பதில்: ராத்திரி பில்டிங் எடுக்க எந்த வைடு லென்ஸ்?

கேள்வி: சார், என்கிட்ட நிக்கான் டி5600 இருக்கு, கூட வந்த 18-55 கிட் லென்ஸ் மட்டும்தான். ராயபுரம் ஸ்டேஷன், பாரிஸ் கார்னர் பக்கம் பழைய பில்டிங்ஸ், சௌகார்பேட்டை தெருவுங்க இதெல்லாம் ராத்திரில எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வைடு லென்ஸுக்கு காசு சேர்த்துட்டேன். எஃப் 2.8 இல்லாம நைட்ல ஒண்ணும் வராதுன்னு கடைக்காரர் சொல்றாரு, நிக்கான் 10-20 போதும்டான்னு ஃப்ரெண்டு சொல்றான், ஆனா அது எஃப் 4.5லதான் ஆரம்பிக்குது. எதை வாங்கறது? (வாசகர், ராயபுரம்)

பதில்: தம்பி, எஃப் நம்பர் குறையக் குறைய லென்ஸ் ஓட்டை பெருசாகி வெளிச்சம் அதிகமா உள்ள வரும், எம்எம் குறையக் குறைய படத்துல அகலமா அடங்கும். நீங்க கேட்டதுல ரெண்டு வேலை கலந்து கெடக்கு. பில்டிங் எடுக்கறது ஒண்ணு, ஆளுங்க நடமாடற தெருவ எடுக்கறது இன்னொண்ணு. கடைக்காரர் சொன்னது ரெண்டாவதுக்கு சரி, உங்க ஃப்ரெண்டு சொன்னது முதலாவதுக்கு சரி.

பில்டிங் எங்கயும் ஓடப்போறதில்ல, ட்ரைபாட் போட்டு நிதானமா எடுக்கலாம். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணுங்கற அளவு) 3200, எஃப் 2.8, ஷட்டர் 1/15 செகண்ட்னு கையில பிடிச்சு எடுக்கற அளவுக்கு ஒரு இடத்துல வெளிச்சம் இருக்குன்னு வைங்க, அதையே ட்ரைபாட்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 8னு மாத்துனா ஷட்டர் 15 செகண்டுக்கு கிட்ட வரும், அவ்ளோதான். படத்துல புள்ளிப் புள்ளியா நாய்ஸ் இருக்காது, ஓரம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க, எஃப் 8ல எடுக்கும்போது 2.8 லென்ஸும் எஃப் 8தான், 4.5 லென்ஸும் எஃப் 8தான், அந்த 2.8க்குன்னு கூட குடுத்த காசு அங்க சும்மா உக்காந்திருக்கும். அந்தக் காச நல்ல கனமான ட்ரைபாட்ல போடுங்க, பீச் ரோட்ல அடிக்கற காத்துக்கு லேசான ட்ரைபாட் நிக்கவே நிக்காது.

அப்ப வைடு எதுக்குன்னு கேப்பீங்க. முக்கால்வாசி பேர் பின்னாடி போக இடம் இல்லாதப்ப எல்லாத்தையும் அடைக்கறதுக்குன்னு நெனைக்கறாங்க. அதுவும் உண்மைதான், ஆர்மேனியன் தெருவுல 1772ல கட்டுன சர்ச்சுக்கு எதிர்ல நின்னா 18 எம்எம்ல பாதி கூட அடங்காது. ஆனா எனக்கு 10 எம்எம் பிடிக்கறதுக்கு வேற காரணம். ராயபுரம் ஸ்டேஷனையே எடுத்துக்கங்க, 1856ல தெறந்தது, முகப்புல வரிசையா தூணுங்க. கிட்ட நின்னு கேமராவ கொஞ்சம் மேல தூக்குனீங்கன்னா போதும், அத்தனை தூணும் உள்பக்கமா சாஞ்சு பில்டிங்கே பின்னாடி விழற மாதிரி ஆயிடும். கேமரா தூக்காம நேரா, சமமா இருந்தாதான் தூண் நேரா நிக்கும், ஆனா 18ல அப்படி வச்சா மேல்பக்கம் வெட்டுப்படும். 10ல சமமா வச்சா உச்சி வரைக்கும் உள்ள வந்துடும், கூடவே கீழ்பாதி முழுக்க வெறும் ரோடு வரும், அந்த ரோட்ட அப்புறமா க்ராப் பண்ணிடுங்க. உங்க கேமரா 24 மெகாபிக்சல், மூணுல ஒரு பங்கு வெட்டுனாலும் 16 மிச்சம் இருக்கும், ஏ3 சைஸ் ப்ரிண்ட் தாராளமா போடலாம். டில்ட் ஷிஃப்ட்னு பில்டிங்குக்கே செய்யற லென்ஸ் இருக்கு, விலை கேட்டா தலை சுத்தும், அது செய்யற வேலைல பெரும்பகுதிய இப்படியே முடிச்சுக்கலாம். லைவ் வ்யூல (கேமரா பின்பக்க ஸ்க்ரீன்ல) கட்டம் போட்டு வச்சுக்கங்க, தூண் அந்தக் கோட்டோட ஒட்டி நிக்குதான்னு பாத்துட்டே ட்ரைபாட் தலைய திருப்புங்க.

அதனால பில்டிங்தான் முக்கியம்னா என் ஓட்டு நிக்கான் ஏஎஃப்-பி 10-20க்கு. லேசு, உங்க டி5600ல எல்லாமே வேலை செய்யும் (ரொம்ப பழைய நிக்கான் பாடில இந்த லென்ஸ் ஃபோகஸே ஆகாது, மத்த வாசகர்கள் கவனிச்சுக்கங்க). இதுல விஆர் (கை ஆட்டத்த சமாளிக்கற வசதி) சுவிட்ச் லென்ஸ் மேல இருக்காது, மெனுவுக்குள்ள போயி ஆஃப் பண்ணணும், ட்ரைபாட்ல வைக்கறப்ப மறக்காம பண்ணுங்க. ஷட்டர கையால அமுக்காம 2 செகண்ட் டைமர் போடுங்க, ஃபைல் ரா-ல (சென்சார் பிடிச்சத அப்படியே வைக்கற மூல ஃபைல்) எடுங்க. ஃபோகஸுக்கு தூரத்துல ஒரு லைட்ட லைவ் வ்யூல பெருசாக்கி மேனுவல்ல பிடிங்க, இருட்டுல ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிட்டே கெடக்கும்.

இப்ப சௌகார்பேட்டை. தங்கசாலை தெருவுல சாயங்காலம் ட்ரைபாட் விரிக்கறதெல்லாம் நடக்காத காரியம், மீன்பாடி வண்டி ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம், லோடு எறக்கறவங்க ஒரு பக்கம், அவங்க பொழப்புல நாம குறுக்க நிக்கவும் கூடாது. கையிலதான் எடுக்கணும், ஆளுங்க அசையாம விழணும். விஆர் உங்க கை ஆடறதத்தான் பிடிக்கும், நடந்து போறவர நிறுத்தாது. ஒரே வெளிச்சத்துல எஃப் 2.8ல 1/125 கெடைக்கும்னா எஃப் 4.5ல 1/50தான் கெடைக்கும், நடக்கறவர் கால் ரெண்டும் கலைஞ்சு போயிடும். இந்த வேலைக்கு டோகினா 11-16 எஃப் 2.8 நல்ல லென்ஸ். நிக்கானுக்கு வந்ததுல முதல் வெர்ஷன்ல மோட்டார் கிடையாது, உங்க பாடில ஆட்டோ ஃபோகஸ் வராது, ரெண்டாவது வெர்ஷனா பாத்து வாங்குங்க. ஒரு குறை இருக்கு, தெருவிளக்கு நேரா ஃப்ரேமுக்குள்ள வந்தா ஃப்ளேர் அடிக்கும், அதாவது வெளிச்சம் சிதறி படத்துல படரும், பளிச்னு இருக்கற எடத்து ஓரத்துல ஊதாக் கோடு வரும். ஊதாவ சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம், ஃப்ளேர எடுக்கறது கஷ்டம்.

சாம்யாங் 14 எம்எம் 2.8 விலை கம்மின்னு யாராவது சொல்லுவாங்க. அதுல நேர்கோடு மீசை மாதிரி வளையும், பில்டிங் எடுக்கறவங்களுக்கு அது சரிப்படாது.

காசு கைய விட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கிட் லென்ஸ 18ல வச்சுட்டு, ஒரு கெட்டியான ட்ரைபாட் எரவல் வாங்கி ராஜாஜி சாலைல நின்னு பாருங்க. சூரியன் மறைஞ்சு பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வானம் அடர்நீலமா இருக்கற அந்தக் கொஞ்ச நேரம்தான் தங்கம், டிசம்பர்ல ஆறு மணிக்கே ரெடியா இருக்கணும், ஜூன்ல ஏழு மணி வரைக்கும் ஆகும். ஜிபிஓ (பெரிய போஸ்ட் ஆபீஸ்) பக்கம் நின்னு 10 செகண்ட் தெறந்து வச்சா எம்டிசி பஸ் போற வெளிச்சம் கோடா ஓடும், செவப்புக் கட்டடம் அசையாம நிக்கும், பாத்தீங்கன்னா வீட்டுக்குப் போக மனசு வராது. ஸ்டேஷனுக்குள்ள, ஐகோர்ட் காம்பவுண்டுக்குள்ள, ஹார்பர் கேட்டுகிட்ட அனுமதி இல்லாம ட்ரைபாட் வைக்காதீங்க.

கேள்வி: என் நைட் படத்துல தெருவிளக்கு நடுவுல இருந்தா நட்சத்திரமா அழகா வருது, மூலைல இருந்தா றெக்கை விரிச்ச குருவி மாதிரி கோணலா வருது. லென்ஸ் கெட்டுப் போச்சா? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: கெடல மா. அந்த றெக்கைக்கு கோமான்னு பேரு, வைடு லென்ஸுங்கள்ல அபர்ச்சர (லென்ஸ் ஓட்டைய) முழுசா தெறந்து வச்சா மூலைல வர்றதுதான், எஃப் 5.6, 8னு மூடுனா நல்லாவே அடங்கிடும். ஒரு மூலைல மட்டும் அதிகமா இருந்து எதிர் மூலைல இல்லன்னா லென்ஸுக்குள்ள கண்ணாடி ஒண்ணு நகர்ந்திருக்கலாம், அப்ப சர்வீஸ்ல காட்டுங்க. நட்சத்திரம் வர்றது அந்த ஓட்டைய மூடித் தெறக்கற அபர்ச்சர் பிளேடால. பிளேடு ஒத்தைப்படையா இருந்தா அதுக்கு ரெட்டிப்பா முனை வரும், 7 பிளேடுக்கு 14 முனை, இரட்டைப்படைன்னா எத்தனை பிளேடோ அத்தனைதான். எஃப் 11 பக்கம் நல்லா கூர்மையா வரும், 16க்கு மேல போனா படம் மொத்தமும் மங்கும். அப்புறம் யுவி ஃபில்டர் மாட்டியிருந்தா ராத்திரில கழட்டிடுங்க, வானத்துல பச்சைப் பச்சையா பேய்ப் புள்ளி வர்றதுல பாதி அதாலதான்.

கேள்வி: மொபைல்ல 0.5 வச்சு ராத்திரி எடுத்தா மண்ண வாரி எறைச்ச மாதிரி இருக்கு, 1ல நல்லா இருக்கு, ஏன்? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: பெரும்பாலான போன்ல 0.5க்கு வேற சின்ன சென்சார், அதோட லென்ஸும் கம்மியாத்தான் வெளிச்சம் உள்ள விடும். 1லயே போன சாய்ச்சுப் பிடிக்காம நேரா வச்சு, ரெண்டு மூணு படம் பக்கத்துல பக்கத்துல எடுத்து ஒட்டுங்க. எல்இடி போர்டு வெளிச்சத்துல பட்டை பட்டையா கோடு விழுந்தா ப்ரோ மோடுல ஷட்டர 1/50 இல்ல 1/100ல வைங்க, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல லைட்டு செகண்டுக்கு 100 தடவ துடிக்கும்.

கேள்வி: பழைய வைடு லென்ஸ் ஒண்ணு கைக்கு வருது, என்ன பாத்து வாங்கணும்? (வாசகர், காசிமேடு)

பதில்: முன்னாடி பின்னாடி மூடி ரெண்டையும் கழட்டி, மொபைல் டார்ச்ச பின்பக்கத்துலருந்து அடிச்சு சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கோடு படர்ந்திருந்தா பூஞ்சை, விலை எவ்ளோ எறக்குனாலும் வேணாம். அடுத்து மூடுன கடை ஷட்டர் ஒண்ணுக்கு நேரா நின்னு அபர்ச்சர முழுசா தெறந்து ஒரு படம், நாலு மூலையும் ஒரே மாதிரி இருக்கான்னு பெருசாக்கிப் பாருங்க. வாங்குன அப்புறம் நீங்க இருக்கற எடத்துல கடல்காத்து நேரா அடிக்கும், படம் எடுத்துட்டு வந்ததும் உப்பு ஈரத்த துடைச்சுட்டு, காத்து புகாத டப்பால சிலிகா ஜெல் போட்டு வைங்க, தோல் பைல மட்டும் வச்சு பீரோவுக்குள்ள தள்ளிடாதீங்க.