ஆல்ட்டர்டு கார்டு என்றால் என்ன, அதை ஏன் வாசிக்கிறார்கள்?

கார்டு (chord) என்பது ஒன்றாகச் சேர்த்து வாசிக்கும் சில ஸ்வரங்கள். அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் ஒரு கட்டை (கருப்பு, வெள்ளை எதுவானாலும் ஒட்டியிருக்கும் அடுத்த கட்டை) மேலேயோ கீழேயோ தள்ளி வாசித்தால் அது ஆல்ட்டர்டு கார்டு. பெரும்பாலும் டாமினன்ட் செவன்த் கார்டில்தான் (ஸ்கேலின் ஐந்தாவது ஸ்வரத்தில் தொடங்கும் நான்கு ஸ்வர கார்டு) இது நடக்கும், அதிலும் கார்டின் முதல் ஸ்வரத்திலிருந்து எண்ணி வரும் ஐந்தாவது, ஒன்பதாவது ஸ்வரங்களில்தான் கை வைப்பார்கள்.

காரணம் புரிய கீபோர்டே போதும். ஜி, பி, டி, எஃப் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள் (சி ஸ்கேலின் டாமினன்ட் செவன்த் இதுதான்), அப்புறம் சி, இ, ஜி. வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் பி ஒரே கட்டை ஏறி சி-க்கும், எஃப் ஒரே கட்டை இறங்கி இ-க்கும் போகிறது. இப்போது முதல் கார்டில் டி-யை (ஜி-யிலிருந்து ஐந்தாவது ஸ்வரம்) மட்டும் விட்டுவிட்டு அதன் வலப்பக்கத்துக் கருப்புக் கட்டையை அழுத்துங்கள். அதுவும் இ-யை ஒட்டியே நிற்பதால் இழுப்பு கூடிவிடும். (கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: சி-யை ஸட்ஜமாக வைத்தால், அது சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரத்துக்கு ஏறத் துடிக்கிறது.)

அண்ணா சாலை சிக்னலில் சிவப்பு முடிய ஐந்து விநாடி இருக்கும்போது எல்லோரும் காத்திருப்பது சாதாரண டாமினன்ட். அதே ஐந்து விநாடியில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி இஞ்ச் இஞ்சாக நகரும் பைக்தான் ஆல்ட்டர்டு. ஜாஸில் இது சர்வசாதாரணம்.

கருப்புக் கட்டை வந்தாலே ஆல்ட்டர்டு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: டி மேஜர் கார்டில் எஃப் ஷார்ப் இயல்பாகவே உண்டு, அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை.